புரியாமல் தலையாட்டாதே, மகளே

என் முன்சீட்டுக்காரிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் நீ சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் போட்டால் தீர்கிற சோலிக்கு அத்தா ஏன் இவ்வளவு காகிதத்தைப் பாழாக்குகிறார் என்று கேட்பாய். வாய்ஸ் போட்டுப் பார்த்தேனம்மா. டாக்ஸி ஸ்டாண்டில் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆரம்பிப்பேன். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் யாராவது கண்ணாடியைத் தட்டி எல்லா இடமும் சுற்றிக்காட்ட எவ்வளவு என்று கேட்டு நிற்பார்கள். அதனால்தான் கொடைக்கானல் ஏரி ஓரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் ஒரு அட்டையை வைத்து எழுதுகிறேன். உன் விடுதித் தோழிகள் படித்தாலும் எனக்கொன்றும் இல்லை. உனக்குச் சொல்வது அவர்களுக்கும் ஆகும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நீ போன் செய்தாய். "அத்தா, நான் படிப்ப விட்டுட்டு வீட்டுக்கு வந்துரட்டுமா?" என்றாய். சென்னைக்குப் போய் எம்.எஸ்ஸி. கணிதம் சேர்ந்து இன்னும் முதல் பருவத் தேர்வுகூட வரவில்லை. என்னம்மா ஆச்சு என்றேன். "கிளாஸ்ல எல்லாரும் எல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டுறாங்கத்தா. சார் என்னையப் பாத்தா நானும் ஆட்டுறேன். ரூமுக்கு வந்து நோட்டத் தொறந்தா ஒண்ணுமே தெரியல. நான் இதுக்கு லாயக்கில்ல போல" என்றாய். நான் என்ன சொன்னேன்? "சரிம்மா, சரிம்மா" என்றேன். "வர்றதுன்னா வந்துரும்மா" என்றும் சொன்னேன். ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா உன் கட்டிலில் குவிந்து கிடந்த போர்வைகளை மடித்து எடுத்து இடம் பண்ணிவிட்டாள். அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. அவசரத்தில் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று இரண்டு நாளாக மனசு அடித்துக்கொள்கிறது.

நீ பத்தாம் வகுப்பில் கணக்கில் சென்டம் வாங்கியவள். நம் ஊர் பெருமாள்மலை ஜங்ஷனில் எனக்குத் தெரிந்த கடை ஒவ்வொன்றுக்கும் மிட்டாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கும் கணக்குக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது, என் மகள் எங்கிருந்து வந்தாள் என்று ஒரே பெருமை. நீ சென்டம் வாங்கிய விதம் வீட்டில் எங்களுக்குத்தான் தெரியும். புத்தகத்தில் இருக்கிற அத்தனை கணக்கையும் வரி விடாமல் மனப்பாடம் செய்தாய். வீட்டுக்குள் நடந்துகொண்டே "எனவே, எனவே" என்று ஓதுவாய். இது எதற்கும்மா என்று கேட்டால், "எதுக்குன்னு தெரியாதுத்தா, ஆனா இது வரும்" என்பாய். பரீட்சையில் வரும் என்று அர்த்தம். வந்தது. எழுதினாய். சென்டம்.

பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் எடுத்தாய். முதல் தேர்விலேயே பெயில். விடைத்தாளை நீ என்னிடம் காட்டவில்லை, அம்மாவிடம் காட்டிவிட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாய். "டீச்சர் புத்தகத்துல இருக்க கணக்கக் குடுக்கலத்தா. எண்ண மாத்தி, கேள்விய மாத்தி, ரெண்டு பாடத்த ஒண்ணாக் கலந்து குடுத்துட்டாங்க" என்று அழுதாய். ஏமாற்றப்பட்ட மாதிரி அழுதாய். டியூஷன் போடலாம் என்றால் அது மேலே கொடைக்கானல் டவுனில் சாயங்காலம் நடக்கிறது. அது முடிந்து பனிமூட்டத்தில் நீ கீழே வந்து சேர்வதை நினைத்தாலே உன் அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிடும். ஆக டியூஷன் இல்லை. இன்னும் வெள்ளனே எழுந்து இன்னும் அதிகமாக மனப்பாடம் செய்வது என்று நீயே ஒரு முடிவுக்கு வந்தாய். காலையில் உன்னைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் ஸ்டாண்டுக்குப் போவேன் அல்லவா, அந்த அரை மணி நேரத்தையும் விடக்கூடாது என்று முன்சீட்டில் புத்தகத்தை விரித்தாய்.

மலைரோட்டில் புத்தகம் படித்தால் என்ன ஆகும்? மூன்றாவது வளைவில் உனக்குக் குமட்டியது. வெள்ளி அருவிக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினேன். மறுநாளும் அதே கதை. கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துப் பார்த்தோம், பழம்தான் கசங்கியது. கடைசியில் நான் சத்தம் போட்டேன். "அந்தப் புத்தகத்த மூடி பைக்குள்ள வையி. படிச்சத வாயால சொல்லிக்கிட்டு வா. நான் கேட்டுக்கிறேன்" என்றேன். சீட்டைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தைதான் அது. படிப்பு முறை என்று நினைத்து நான் சொல்லவில்லை.

நீ சொல்ல ஆரம்பித்தாய். எனக்குக் கண் ரோட்டில் இருக்க வேண்டும், நீ எழுதிக் காட்டினாலும் பார்க்க முடியாது. அதனால் குறியீடு ஒன்றும் உதவாது. முழுக்க முழுக்கப் பேச்சிலேயே சொல்லியாக வேண்டும். முதல் வாரம் பாதியில் பாதியில் நின்றாய். "நேத்து நல்லாத் தெரிஞ்சுச்சுத்தா, இப்ப வரமாட்டேங்குது" என்பாய். புத்தகம் திறந்திருக்கும்போது தெரிந்த மாதிரி இருந்ததெல்லாம் மூடியதும் காணாமல் போனது. நீ நின்ற இடத்தையெல்லாம் சாயங்காலம் வீட்டில் போய்ப் பார்த்தாய். மறுநாள் இன்னும் கொஞ்ச தூரம் சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து "ம், ம்" என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

அந்தத் தலையாட்டல் எங்கள் தொழிலோடு வந்தது. கொடைக்கானல் டிரைவர்களில் புரியலை என்று சொல்கிறவனைக் காட்டு பார்ப்போம். இந்தி பேசினாலும் அச்சா, இங்கிலீஷ் பேசினாலும் யெஸ் சார், மலையாளம் பேசினாலும் செரி சேட்டா. புரியலை என்று சொன்னால் சவாரி அடுத்த வண்டிக்குப் போய்விடும் என்று ஒரு பயம். அந்தப் பயத்துக்கு ஒருநாள் நல்ல பாடம் கிடைத்தது. வடக்கேயிருந்து வந்த குடும்பம் ஒன்றை வட்டக்கானலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். இறக்கத்தில் பின்சீட்டிலிருந்து அந்தம்மா நீளமாக ஏதோ சொன்னார். "அச்சா" என்றேன். இன்னும் வேகமாகச் சொன்னார். இன்னும் பலமாகத் தலையாட்டினேன். மூன்றாவது தடவை அவர் கத்தியபோது அவருடைய குழந்தை என் சீட்டெல்லாம் வாந்தி எடுத்துவிட்டது. வண்டியை நிறுத்து, நிறுத்து என்றுதான் பாவம் கெஞ்சியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நீயும் நானும் வாளியும் சோப்புத்தூளுமாகச் சீட்டைக் கழுவினோம். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நின்றாய். கையில் நுரை சொட்டுகிறது. "அத்தா, அப்ப தெனமும் காலைல எனக்கும் அச்சாதானா?" என்றாய். நான் வாளியைப் பார்த்தேன். "ஒண்ணாவது புரிஞ்சுச்சா?" என்றாய். "நீ சொல்றது கேக்க நல்லாருக்கும்மா" என்றேன். நீ கோபித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். ஆனால் யோசித்தாய். "நீங்க தலையாட்டுறதப் பாத்து எனக்கே புரிஞ்சுருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்த்தா. இனிமே தலையாட்டக் கூடாது. புரியலன்னா உடனே ஹாரன் அடிங்க" என்றாய்.

மறுநாளிலிருந்து அடித்தேன். கணக்கில் ஒன்றும் தெரியாதவன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? பெருமாள்மலையிலிருந்து டவுன் வரை ஒரே பீப் சத்தம். ரோட்டோரக் குரங்குகள் மிரண்டு மரத்தில் ஏறின. எதிரே பஸ் ஓட்டி வரும் செல்வம் மாமா ஒருநாள் வண்டியை மெதுவாக்கி, "என்ன பாய், எதுக்க ஒரு வண்டியும் இல்ல, யாருக்கு ஹாரன் அடிக்கிறீக?" என்று கேட்டார். கூச்சமாக இருந்தது. "கொரங்குக்குண்ணே" என்று சொல்லிவிட்டேன். நீ குனிந்துகொண்டு சிரித்தாய்.

எல்லா நாளும் சிரிப்பில்லை. கலப்பெண்கள் பாடம் வந்தது, பிளஸ் டூவில். மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலம் 'ஐ' என்கிற எண் என்று சொன்னாய். ஹாரன் அடித்தேன். எந்த எண்ணை அதாலேயே பெருக்கினாலும் மைனஸ் வராது என்று நீதானே போன மாதம் சொன்னாய் என்றேன். "அது அப்படித்தான்த்தா, அப்படின்னு வச்சுக்கணும்" என்றாய். திரும்பவும் அடித்தேன். ஒரு வாரம் அடித்தேன். ஒருநாள் நீ, "உங்களுக்குப் புரியாதுத்தா, விடுங்க" என்று முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாய். பள்ளி வாசலில் சொல்லாமல் இறங்கிப் போனாய். பிள்ளையைப் போட்டு வதைக்கிறோமோ, நாளையிலிருந்து பேசாமல் தலையாட்டிவிடுவோமா என்று நினைத்தேன். அடிக்காமல் விடுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? உன் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே அடிப்பதுதான் கஷ்டம்.

அரையாண்டு விடுமுறையில் பழனிக்கு ஒரு சவாரியை இறக்கிவிடப் போனபோது நீயும் கூட வந்தாய். திரும்பி வரும்போது ஆயக்குடியில் கொய்யா வாங்கி மடியில் வைத்துத் தின்றுகொண்டே வந்தாய். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் நான் ஸ்டியரிங்கை ஒடிக்க ஆரம்பித்ததும் நீ கொய்யாவை வாயில் வைத்துக்கொண்டே கத்தினாய். "அத்தா, மெதுவா, மெதுவாப் போங்க! இப்ப நம்ம எந்தப் பக்கம் பாத்துப் போறோம்?" மேற்கே என்றேன். "வளைவு முடிஞ்சா?" அப்படியே திரும்பி கிழக்கே. "அதான் மைனஸ் ஒண்ணு! மைனஸ் ஒண்ணால பெருக்குனா எண்ணு அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிரும். அஞ்சு, மைனஸ் அஞ்சாயிரும். இப்ப வளைவுல பாதிக்கு வந்துட்டோம். எங்க பாக்குறோம்?" மலைச்சரிவைப் பார்க்கிறோம் என்றேன். "மேக்கயும் இல்ல, கெழக்கயும் இல்ல. இதான்த்தா ஐ. இந்தப் பாதித் திருப்பத்த ரெண்டு தடவ போட்டா முழுசாத் திரும்பிர்றோம்ல? ஐய ஐயால பெருக்குனா மைனஸ் ஒண்ணு!" வளைவு முடிந்து வண்டி கிழக்கே பார்த்து ஏறியது. என் கை ஹாரன் மேலேயே இருந்தது. நீ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அடிக்கவில்லை. நீ அழுதாய், எனக்கும் கண் கலங்கியது. பாடத்தில் சொன்னதை ஒப்பிக்கிறாளா, தானே கண்டு சொல்கிறாளா என்பது கணக்கு தெரியாத எனக்கே அன்று விளங்கியது.

அதன் பிறகு நீ படித்த விதமே மாறிவிட்டது. விடைகள் எல்லாம் இருக்கிற கைடு கையெட்டும் தூரத்தில் இருந்தால் கண் அங்கேயே போகிறது என்று அதை என் வண்டி டேஷ்போர்டில் போட்டுவிட்டாய். பகலெல்லாம் அது என்னோடு தூண் பாறை, ஏரி, பைன் காடு என்று ஊர் சுற்றியது. நான் வீடு திரும்பும்வரை நீ ஒரு கணக்கோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டும். பல நாள் நான் வந்து கைடை நீட்டினால், "வேணாம்த்தா, இன்னும் கொஞ்ச நேரம் பாக்குறேன்" என்பாய். அடுக்களையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை எங்கேயாவது பிரித்து விரலை வைப்பாள், விரல் பட்ட கணக்கை நீ போட வேண்டும். இன்று வகைக்கெழு, உடனே நிகழ்தகவு, அப்புறம் நீ மறந்தே போன அணிக் கணக்கு. ஒரே மாதிரிக் கணக்கை வரிசையாகப் போடும்போது கை தானாக ஓடுகிறது, இப்படிக் கலந்து வந்தால்தான் எது என்ன கணக்கு என்று யோசிக்க வேண்டியிருக்கிறது என்று நீதான் சொன்னாய். போன வாரம் தப்பாய்ப் போட்டதை இந்த வாரம் திரும்பப் போட்டுப் பார்ப்பாய். சாப்பிட்டதும் தூங்கிவிடுவாய். தூங்காமல் படித்த மறுநாள் முன்சீட்டில் உனக்கு வாயே திறக்காது, அதனால் உன் அம்மா விளக்கை அணைத்துவிடுவாள்.

பிளஸ் டூவில் சென்டம் வரவில்லை. ஜங்ஷனில் விசாரித்தவர்களெல்லாம் "அடடா" என்றார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பரீட்சை முடிந்து வந்து வண்டியில் ஏறியதும் நீ சொன்னாய்: "யாரும் பாத்தே இருக்காத கணக்கு ஒண்ணு வந்துச்சுத்தா. பக்கத்துல எல்லாரும் விட்டுட்டாங்க. நான் எழுதிக்கிட்டு வரும்போது ஒரு வரில மனசுக்குள்ள ஹாரன் அடிச்சுச்சு. நின்னு பாத்தேன், தப்பு. திருத்திட்டேன்." அன்று நான் வண்டி ஓட்டிய வேகத்துக்குப் போலீஸ் பிடித்திருக்க வேண்டும்.

பி.எஸ்ஸி.யையும் டவுன் காலேஜில் இதே முன்சீட்டில் வந்து போய் முடித்தாய். இப்போது சென்னை விஷயத்துக்கு வருகிறேன். அந்த வகுப்பில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள் என்கிறாய். அவர்களில் எத்தனை பேர் வட்டக்கானல் இறக்கத்தில் அச்சா சொன்ன ஆள்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு நாள் கையைத் தூக்கி, "சார், இந்த வரி எனக்குப் புரியல" என்று சொல்லிப் பார். சிரித்தால் சிரிக்கட்டும். நாம் குரங்குகள் பார்க்க ஹாரன் அடித்தவர்கள். விடுதியில் கணக்கே படிக்காத பிள்ளை யாராவது இருந்தால் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நோட்டை மூடிவிட்டு, வாயால் சொல். அவள் தலையாட்டினால் விடாதே. நீ லாயக்கில்லை என்று சொல்வதற்கு இதையெல்லாம் செய்து பார்த்த பிறகுதான் உனக்கு உரிமை உண்டு.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ வருகிறேன் என்றதும் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. நீ போன பிறகு அந்த முன்சீட்டில் தண்ணீர் பாட்டிலைத்தான் வைத்துக்கொண்டு போகிறேன். மேலே ஏறும் அரை மணி நேரம் வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. வயதும் ஆகிறது, பனிக்காலத்தில் முட்டி வலிக்கிறது, பக்கத்தில் பிள்ளை இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் என் வாயிலிருந்து அவ்வளவு வெரசாக "வந்துரும்மா" வந்தது. கட்டில் தயாராகக் கெடக்கு. நீ ஜெயித்து வந்தாலும் தோற்று வந்தாலும் அது உன் கட்டில். ஆனால் பயந்து வராதே.

இன்று காலை ஆளில்லாத வண்டியோடு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஐயைக் கண்டுபிடித்த என் பிள்ளை எப்படி லாயக்கில்லாமல் போவாள், எவ்வளவு யோசித்தாலும் விளங்கவில்லை. வெள்ளி அருவி வளைவில் என் கை தானாகப் போய் ஹாரனை அழுத்திவிட்டது. எதிரே செல்வம் மாமாவின் பஸ். நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "என்ன பாய், மறுபடியும் கொரங்குக்கா?" என்றார். இந்தத் தடவை எனக்குக் கூச்சமில்லை. "எம் மகளுக்குண்ணே" என்றேன்.

இந்தக் காகிதங்களைப் போட்டோ எடுத்து இன்று ராத்திரியே உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். நாளைக் காலை அருவிப் பக்கத்து டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நாம் வழக்கமாக அந்த வளைவைத் தாண்டும் நேரத்துக்குப் போன் போடுவேன். எடு. வகுப்பில் புரியாத முதல் வரியை எனக்குச் சொல்ல ஆரம்பி. டீக்கடைக்காரர் திட்டினாலும் பரவாயில்லை, நான் அடிப்பேன். ஆனால் அதற்கு முன்னால் நீ எனக்கு வேறொன்றை விளக்க வேண்டும். வெள்ளிக்கிழமை "நான் லாயக்கில்ல" என்றாயே, அதற்குத்தான் நான் சரிம்மா சரிம்மா என்று தலையாட்டிவிட்டேன். எனக்கு அது புரியவில்லை, மகளே. அன்று நான் அடிக்காமல் விட்ட ஹாரன்தான் இந்தக் கடிதம்.

உன் அத்தா